ஒரு காகிதத் தடிமனுக்காக: தோட்டாவுக்குள்ள குண்டை எவ்வளவு ஆழமா வைக்கணும்?

(எபிசோடில் பேசியது, வாசிப்பதற்கு ஏற்ற மாதிரி தொகுக்கப்பட்டது.)

இன்னைக்கு எடுத்துக்கிற விஷயம் நம்ம ஊர்ல பெரும்பாலானவங்க கையால தொட்டே பார்க்காத ஒண்ணு: துப்பாக்கித் தோட்டா. அமெரிக்காவுல குறி பார்த்துச் சுடுறதை விளையாட்டா எடுத்துக்கிட்டவங்கள்ல பலர், தோட்டாவைக் கடையில வாங்காம வீட்டு கராஜ்லயே தயார் பண்றாங்க. ஹேண்ட்லோடிங்னு பேர். அதுல ஒரே ஒரு ஸ்டெப்பைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம். பித்தளைக் குப்பிக்குள்ள குண்டை எவ்வளவு ஆழத்துக்கு அழுத்தி வைக்கணும்?

இதை ஏன் நாம பேசணும்? நீங்க ஆப் டெவலப் பண்றீங்களோ, காபி போடுறீங்களோ, ஜிம்முக்குப் போறீங்களோ, ஒரு கேள்வி எல்லாருக்கும் வரும். ஒரு சின்ன மாற்றம் செஞ்சேன், ரிசல்ட் நல்லா வந்துச்சு. அது நான் செஞ்ச மாற்றத்தால வந்ததா, சும்மா அதிர்ஷ்டமா? இந்தக் கேள்வியை இவ்வளவு பச்சையா, காகிதத்துல ஓட்டை போட்டுக் காட்டுற விளையாட்டு வேற எதுவும் எனக்குத் தெரியல.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். இந்தியாவுல உரிமம் இல்லாம தோட்டா தயாரிக்கிறது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். அமெரிக்காவுல சொந்த உபயோகத்துக்குத் தயாரிக்க ஃபெடரல் லைசென்ஸ் தேவையில்லை, விற்கணும்னாதான் வேணும். நான் பேசறது அந்த ஊர்க் கதை. யாரும் வீட்ல முயற்சி பண்ணிப் பார்க்கிறதுக்கான குறிப்பு இல்ல இது.

தோட்டா வேற, குண்டு வேற

சினிமா பார்த்துப் பார்த்து நமக்கு ரெண்டும் ஒண்ணாயிடுச்சு. தோட்டாங்கிறது முழுப் பொருள். அதுல நாலு பாகம். பித்தளைக் குப்பி, அதை கேஸ்னு சொல்வாங்க. அடியில சின்னதா ப்ரைமர், அதைத் தட்டினா பொறி வரும். உள்ள வெடிமருந்து. வாயில செருகியிருக்கிறது குண்டு. பறந்து போறது குண்டு மட்டும்தான்.

சுட்டு முடிச்ச குப்பியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பழைய ப்ரைமரைத் தட்டி எடுத்துட்டு, குப்பியைப் பழைய அளவுக்குக் கொண்டு வந்து, புது ப்ரைமர் வெச்சு, மருந்தை எடை போட்டுக் கொட்டி, கடைசியா ஒரு கை பிரஸ்ல குண்டை அழுத்துவாங்க. இந்தக் கடைசி வேலைக்கு சீட்டிங் டைனு ஒரு அச்சு. அதுக்கு மேல ஒரு திருகு. அதைத் திருப்பினா குண்டு இன்னும் கொஞ்சம் உள்ள போகும், இல்ல கொஞ்சம் வெளிய நிக்கும்.

கொஞ்சம்னா எவ்வளவு? இவங்க பேசற அளவு, ஒரு இன்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு. தௌன்னு சொல்வாங்க. மில்லிமீட்டர்ல 0.0254. நம்ம பிரிண்டர்ல போடற ஏ4 தாளோட தடிமன் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர், அதாவது 4 தௌ. "3 தௌ உள்ள தள்ளினேன், ரைஃபிள் பாடுது"ன்னு ஒருத்தர் சொன்னா, ஒரு காகிதத் தடிமனைவிடக் கம்மியான மாற்றத்தைப் பத்திப் பேசறார்.

குண்டு போடற குட்டித் தாவல்

ரைஃபிள் பேரலோட உள்பக்கம் வழவழப்பா இருக்காது. திருகாணி மரை மாதிரி சுழன்று போற பள்ளமும் மேடும் இருக்கும். அந்த மேட்டுக்கு லேண்ட்னு பேர். குண்டு இந்த மேடுகள்ல கடிபட்டு, சுழன்றுக்கிட்டே வெளிய போகும். பம்பரம் சுத்துறப்போ நிலையா நிக்குதே, அதே காரணத்துக்காகத்தான் குண்டையும் சுழல விடறாங்க.

தோட்டாவை உள்ள போட்டதும், குண்டுக்கும் அந்த மேடு ஆரம்பிக்கிற இடத்துக்கும் நடுவுல பொதுவா ஒரு சின்ன இடைவெளி இருக்கும். சுட்டதும் குண்டு குப்பியை விட்டுக் கிளம்பி, அந்த இடைவெளியைத் தாண்டி, மேட்டுல போய் முட்டும். இந்தத் தாவலுக்குத்தான் ஜம்ப்னு பேர். குண்டை வெளிய நிறுத்தினா ஜம்ப் குறையும், உள்ள தள்ளினா கூடும். மேட்டுல அழுத்தி நிக்கிற மாதிரியே வெச்சா, அது ஜாம்.

இது ஏன் குறியைப் பாதிக்கணும்? பழைய விளக்கம் எளிமையானது. தாவுற நேரத்துல குண்டு கொஞ்சம் சாய்ஞ்சு, சாய்ஞ்ச மேனிக்கே மரைக்குள்ள நுழைஞ்சா, ஒரு பக்கம் அதிகமா கடிபடும். அந்தக் கோணல் கடைசி வரைக்கும் கூடவே போகும். தாவல் குறைஞ்சா சாயறதுக்கு வாய்ப்பும் குறைவு. இன்னொரு விளக்கம்: ஆழம் மாறினா அழுத்தம் ஏறுற விதம் மாறும், அதனால குண்டு பேரலை விட்டு வெளிய வர்ற நேரமும் கொஞ்சம் மாறும். சுடுறப்போ பேரல் அதிர்ந்துக்கிட்டு இருக்கு. அந்த அதிர்வோட எந்தக் கட்டத்துல குண்டு வெளிய வருதுங்கிறது முக்கியம்னு இந்தக் கட்சி சொல்லுது. எந்த விளக்கத்துக்கு எவ்வளவு பங்குங்கிறதுல இன்னும் சண்டை ஓயல.

குண்டோட வடிவமும் இதுல சேரும். மூக்கோட வளைவு உடம்போட வழுக்கிச் சேர்ற மாதிரி இருந்தா டேஞ்சன்ட். சேர்ற இடத்துல லேசா ஒரு முறிவு இருந்தா சீகன்ட். காத்தைக் கிழிச்சுப் போறதுல சீகன்ட் கெட்டிக்காரன், ஆனா ஜம்ப் விஷயத்துல ரொம்ப நுணுக்கம் பார்க்கிறவன்னு பேர் வாங்கினவன். டேஞ்சன்ட் எதுக்கும் அனுசரிச்சுப் போகும். ரெண்டையும் கலந்து பிரையன் லிட்ஸ், பெர்கர் கம்பெனிக்காக ஹைப்ரிட்னு ஒண்ணு வடிவமைச்சார். நோக்கமே அதுதான்: காத்துல வேகம் போகக் கூடாது, ஆழத்துக்கு ரொம்ப அலட்டிக்கவும் கூடாது.

எங்கிருந்து அளக்கிறது?

பிளஸ் ஒன் பிராக்டிகல்ல வெர்னியர் காலிப்பர் பிடிச்சது ஞாபகம் இருக்கா? இங்கயும் அதே கருவிதான். தோட்டாவோட அடியிலிருந்து மூக்கு நுனி வரைக்கும் அளந்தா முழு நீளம் வந்துடும்னு தோணும். ஆனா மேட்டுல முட்டுறது நுனி இல்ல. நுனிக்குக் கொஞ்சம் கீழ, வளைவு தடிச்சு முழு விட்டத்தை நெருங்குற இடம். நுனியோ ஒவ்வொரு குண்டுலயும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். ஒரே டப்பாவுல எடுத்த குண்டுகள்லகூட நுனியில சில தௌ வித்தியாசம் பார்க்கலாம்.

அதனால காலிப்பர்ல கம்பேரட்டர்னு ஒரு சின்ன வளையத்தை மாட்டுவாங்க. அது வளைவுல ஒரு குறிப்பிட்ட விட்டத்துல போய் உட்காரும். அடியிலிருந்து அந்த இடம் வரைக்கும் அளப்பாங்க. ஆனா ஒருத்தர் வளையமும் இன்னொருத்தர் வளையமும் ஒரே இடத்துல உட்காராது. அதனால நண்பர் சொன்ன நம்பரை அப்படியே காப்பி அடிக்க முடியாது. அது அவர் கருவிக்கும் அவர் துப்பாக்கிக்கும் மட்டும்தான் பொருந்தும்.

நுனி ஏன் அவ்வளவு முக்கியமில்லைன்னு ஒரு பழைய சாட்சி இருக்கு. ஃப்ராங்க்ளின் மான்னு ஒரு அமெரிக்க டாக்டர். பல வருஷம் தன் செலவுல சோதனை பண்ணி, 1909ல ஒரு புத்தகம் போட்டார். குண்டுகளை வேணும்னே சிதைச்சுச் சுட்டுப் பார்த்தவர் அவர். மூக்கு கெட்டா பெரிய பாதிப்பு இல்ல, அடிப்பக்கம் கோணலானா குறி எங்கயோ போயிடுதுன்னு காட்டினார். பார்த்தா நல்லா இருக்கிற பக்கம் ஒண்ணு, வேலை செய்ற பக்கம் இன்னொண்ணு.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. தோட்டா மேகசினுக்குள்ள நுழையணும். .223 ரெமிங்டனுக்கு அமெரிக்கத் தரக் கட்டமைப்பான சாமி வெச்சிருக்கிற அதிகபட்ச நீளம் 2.260 இன்ச். அதைத் தாண்டி நீட்டினா பல மேகசின்ல போகவே போகாது. ஒவ்வொரு தோட்டாவா கையால போட்டுச் சுடுற பெஞ்ச்ரெஸ்ட் ஆட்களுக்கு இந்தக் கவலை இல்ல.

24 ரவுண்டு டெஸ்ட்

சரி, சரியான ஆழத்தை எப்படித் தேடுறது? பெர்கர் தன்னோட நீளமான விஎல்டி குண்டுகளுக்கு ஒரு வழி சொல்லியிருக்கு. போட்டியில சுடுறவங்களுக்கானது இது. நாலு ஆழம். மேட்டுக்குள்ள 10 தௌ அழுத்தி ஒண்ணு, 40 தௌ இடைவெளியில ஒண்ணு, 80ல ஒண்ணு, 120ல ஒண்ணு. ஒவ்வொண்ணுலயும் 6 தோட்டா, மொத்தம் 24. ஒவ்வொரு ஆழத்துக்கும் மூணு மூணா ரெண்டு குரூப். எந்த ஏரியா நல்லா இருக்குன்னு முதல்ல கண்டுபிடி, அப்புறம் அதுக்குள்ள பொடிசா திருத்து.

இதுல எனக்குப் பிடிச்சது எட்டு வைக்கிற தூரம். 40 தௌங்கிறது ஒரு மில்லிமீட்டர். முதல்ல மாவட்டத்தைக் கண்டுபிடி, அப்புறம் தெருவைத் தேடுன்னு சொல்றாங்க. ஆனா நிறைய பேர் எடுத்த உடனே 3 தௌ, 3 தௌவா நகர்த்தி, ஒவ்வொண்ணுலயும் மூணு சுட்டு, எது சின்னக் குரூப்போ அதுக்கு மாலை போட்டுடறாங்க. பிரச்சனை இங்கதான்.

மூணு ஓட்டை என்ன சொல்லும்?

குரூப்னா என்ன? ஒரே புள்ளியைக் குறி வெச்சுச் சுட்ட ஓட்டைகள்ல, ரொம்பத் தள்ளி இருக்கிற ரெண்டுக்கும் நடுவுல உள்ள தூரம். 100 கெஜத்துல ஒரு இன்ச் குரூப் விழுந்தா நல்ல ரைஃபிள். அரை இன்ச்னா கொண்டாட்டம்.

இப்போ ஒரு கணக்கு. துப்பாக்கி, தோட்டா, ஆள் எதையும் மாத்தல. மூணு ஷாட் குரூப் பத்து சுடறீங்க. அந்தப் பத்துல ரொம்பச் சின்னதுக்கும் ரொம்பப் பெருசுக்கும் மூணு மடங்கு வித்தியாசம் வந்தாலும் ஆச்சரியப்பட ஒண்ணுமில்ல. எதையுமே மாத்தாமலே வர்ற வித்தியாசம் அது. நம்பலைன்னா இன்னைக்கு ராத்திரி பைத்தான் திறங்க. x, y ரெண்டுக்கும் நார்மல் டிஸ்ட்ரிபியூஷன்ல ரேண்டம் எண் எடுத்து, மூணு மூணு புள்ளியா போட்டு, அதிகபட்ச தூரத்தைக் கணக்கு பண்ணுங்க. பதினஞ்சு வரி கோட்தான்.

அதுலயே இன்னொண்ணும் தெரியும். அதே ரைஃபிள்ல பத்து ஷாட் குரூப்போட சராசரி, மூணு ஷாட் குரூப்போட சராசரியைவிட சுமார் 1.6 மடங்கு பெருசா வரும். யாராவது "என்னோடது அரை இன்ச் ரைஃபிள்"னு சொன்னா, முதல்ல கேட்க வேண்டியது: எத்தனை ஷாட்ல?

எட்டு ஆழம், ஆளுக்கு மூணு ஷாட்னு வெச்சுக்கோங்க. நிஜத்துல எட்டுக்கும் துளி வித்தியாசம் இல்லைன்னாலும், ஏதோ ஒண்ணு சராசரியில பாதி அளவுக்குச் சின்னதா விழும். போட்டின்னு வெச்சா யாராவது ஒருத்தர் ஜெயிச்சுத்தானே ஆகணும். அந்த ஜெயிச்சவரை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போட்டுட்டு, அடுத்த வாரம் அதே ஆழத்துல சுட்டா சாதாரணமா வரும். அப்போ பழி காத்து மேல, வெயில் மேல.

டெக்சாஸ்ல என்கூட வேலை பார்த்த ஒருத்தரோட கராஜ்ல ஒரு நோட்டு பார்த்திருக்கேன். ஒவ்வொரு பக்கத்துலயும் ஓட்டை விழுந்த காகிதத்தை வெட்டி ஒட்டி, பக்கத்துல பென்சில்ல ஆழம் எழுதி வெச்சிருந்தார். அவருக்குன்னு ஒரு ராசியான ஆழம் இருந்துச்சு. 5 தௌ தள்ளி இருந்த இன்னொண்ணு "சுத்த மோசம்". நான் ஒண்ணு கேட்டேன். "ரெண்டுலயும் 20 செய்ங்க அண்ணா. எது எதுன்னு உங்களுக்குத் தெரியாம நான் மாத்தி மாத்தி எடுத்துத் தரேன்." சிரிச்சுக்கிட்டே ஒத்துக்கிட்டார். ரெண்டு சனிக்கிழமை ஆச்சு. கடைசியில ரெண்டு காகிதத்தையும் ஜன்னல் வெளிச்சத்துல வெச்சு, எது ராசியானதுன்னு கேட்டேன். ரொம்ப நேரம் பார்த்தார். "தெரியலப்பா"ன்னார். அப்புறம் அந்த நோட்டைத் திரும்ப முதல் பக்கத்துலேர்ந்து புரட்ட ஆரம்பிச்சார். நாலு வருஷ நோட்டு அது.

இதை வெச்சு ஆழமே முக்கியமில்லைன்னு நான் சொல்ல வரல. 10 தௌ ஜாமுக்கும் 120 தௌ ஜம்புக்கும் நடுவுல நிஜமான வித்தியாசம் சில குண்டுகள்ல நல்லாவே தெரியும். ஆனா 20 ஷாட் சுட்டு சிதறலை அளந்தாகூட, அந்த அளவுலயே பத்து சதவீதத்துக்கும் மேல தடுமாற்றம் இருக்கும். அவ்வளவு சின்ன முன்னேற்றத்தை மூணு ஓட்டை காட்டிக் குடுக்கும்னு எதிர்பார்க்க முடியாது.

அப்போ நூறு நூறா சுட்டுத் தீர்த்துடலாமேன்னா, அதுலயும் ஒரு சிக்கல். ஒவ்வொரு ஷாட்டும் பேரலைத் தின்னுது. மரை ஆரம்பிக்கிற அந்தத் தொண்டைப் பகுதிதான் சூட்டுல முதல்ல அரியும். அரிஞ்சா மேடு முன்னாடி நகர்ந்துடும், ஜம்ப் தானா கூடிடும். அளக்க அளக்க, அளக்கிற பொருளே மாறுது. நகர்ற மேட்டுக்குப் பின்னாடியே குண்டையும் நீட்டிக்கிட்டே போறவங்க இருக்காங்க. எரிக் கோர்ட்டினா மாதிரி போட்டியாளர்கள் அந்தத் துரத்தல் வேண்டாம்கிற கட்சி. கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் ஒழுங்கா சுடுற ஒரு அகலமான ஏரியாவைப் பிடிச்சுக்கிட்டு அங்கயே இருன்னு சொல்றாங்க. எனக்கும் அதுதான் சரியாப் படுது.

விளையாட்டு இல்லாத பகுதி

குறி தப்பினா காகிதம்தான் தப்பிக்கும். அழுத்தம் தப்பினா முகத்துக்கு முன்னாடி நடக்கும். 6.5 க்ரீட்மோர் தோட்டாவுக்கு சாமி வெச்சிருக்கிற அதிகபட்ச அழுத்தம் 62,000 பிஎஸ்ஐ. உங்க கார் டயர்ல இருக்கிறதைப் போல ஏறக்குறைய ரெண்டாயிரம் மடங்கு. அது கண்ணுலேர்ந்து சில இன்ச் தூரத்துல.

குண்டை ஜாம் பண்ணா, மேட்டுல முட்டி நிக்கிறதால அழுத்தம் எகிறும். தாவல் இருக்கிறப்போ பாதுகாப்பா இருந்த மருந்து அளவு, ஜாம்ல பாதுகாப்பா இருக்கணும்னு அவசியமில்லை. மருந்தைக் குறைச்சு, திரும்ப முதல்லேர்ந்து மெல்ல ஏறணும். மறுபக்கம், குண்டை ரொம்ப உள்ள தள்ளினா குப்பிக்குள்ள இடம் சுருங்கும். 9 எம்எம் மாதிரி குட்டி கைத்துப்பாக்கித் தோட்டாவுல அது அழுத்தத்தைப் பயங்கரமா ஏத்திடும். ஜாம்ல இன்னொரு தொல்லையும் உண்டு. சுடாம தோட்டாவை வெளிய எடுத்தா, குண்டு மேட்டுலயே மாட்டிக்கிட்டு குப்பி மட்டும் கையோட வரும். மருந்தெல்லாம் துப்பாக்கிக்குள்ள கொட்டியிருக்கும்.

இந்த விஷயத்துல "எனக்கு ஒர்க் ஆச்சு"ங்கிறது சாட்சியே இல்ல. குண்டு, மருந்து தயாரிக்கிற கம்பெனிகள் வெளியிடற லோடிங் மேனுவல்தான் எல்லை. குறியில ஏமாந்தா ஒரு சனிக்கிழமை போகும். இதுல ஏமாந்தா கண்ணு போகும்.

அப்போ எப்படித்தான் டெஸ்ட் பண்றது?

நான் எடுத்துக்கிட்ட பாடங்கள் நாலு.

ஒண்ணு, பெரிய எட்டு வை. ரொம்ப வித்தியாசமான ரெண்டு மூணு ஆழத்தை மட்டும் ஒப்பிடு. வித்தியாசம் பெருசா இருந்தா குறைஞ்ச ஷாட்லயே தெரிஞ்சுடும். சின்னதா இருந்தா, அதைத் தேட பேரலையே செலவழிக்கணுமான்னு யோசி.

ரெண்டு, மாத்தி மாத்திச் சுடு. ஏ எல்லாத்தையும் காலையிலயும், பி எல்லாத்தையும் மத்தியானமும் சுட்டா, நீ அளந்தது வெயிலையும் உன் தோள் வலியையும்.

மூணு, எல்லா ஓட்டையையும் கணக்குல எடு. தூரமான ரெண்டை மட்டும் அளந்தா மத்தது எல்லாம் வீண். நடுப்புள்ளியிலிருந்து ஒவ்வொண்ணும் எவ்வளவு தூரம்னு பார்த்து சராசரி எடுத்தா, அதே தோட்டாச் செலவுல கூடுதல் தகவல் கிடைக்கும். "அது என் கை ஆடினது"ன்னு ஒரு ஓட்டையைத் தள்ளிவிட்டா, பிடிச்ச ரிசல்ட்டுக்கு நீயே கையெழுத்துப் போடற மாதிரி.

நாலு, ஜெயிச்சதைத் திரும்ப ஒரு தடவை புதுசா செஞ்சு சுடு. முதல் டெஸ்ட் ஒரு யூகத்தைத்தான் தருது. ரெண்டாவதுதான் பதில்.

ஒலிம்பிக் பக்கம் இந்தத் தலைவலியே வேற மாதிரி. கடலூர்ல பிறந்த இளவேனில் வாலறிவன் சுடற 10 மீட்டர் ஏர் ரைஃபிள்ல வெடிமருந்தே கிடையாது, காத்தழுத்தம்தான். 50 மீட்டர்ல பயன்படற .22 தோட்டாவுல ப்ரைமர் மருந்து குப்பியோட விளிம்புக்குள்ளயே இருக்கு. அதனால அதை வீட்ல நிரப்ப முடியாது. அந்த வீரர்கள் ஈலி, லாபுவா மாதிரி தயாரிப்பாளர்களோட டெஸ்ட் ரேஞ்சுக்குத் தங்கள் ரைஃபிளை எடுத்துட்டுப் போய், எந்த லாட் அதுக்கு ஒத்துப்போகுதுன்னு சுட்டுப் பார்த்து, அந்த லாட்டையே மொத்தமா வாங்குவாங்க. திருக ஒரு திருகும் இல்ல. தேர்ந்தெடுக்கிறது மட்டும்தான். ஆனா அங்கயும் அதே கேள்விதான்: எத்தனை ஷாட் சுட்டா நம்பலாம்?

அந்தப் பதினஞ்சு வரி கோடை எழுதிப் பார்த்தவங்க, உங்க பத்துக் குரூப்ல சின்னதும் பெருசும் எவ்வளவு வந்துச்சுன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல வாசிக்கிறேன்.